நிலாவும் அம்மையும்: ஒரு வியாபாரி போட்டுப் பார்த்த கணக்கு

மலர்க் குழுவினர் இந்த வருஷமும் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். வழக்கம்போல் கல்வெட்டு, சமண இலக்கியம் என்று எதையாவது எழுதித் தருவேன் என்று நினைத்திருப்பார்கள். இந்தத் தடவை அதை விட்டுவிட்டு வேறு ஒரு விஷயத்தைத் தொடுகிறேன். 2023ஆம் வருஷம் ஆகஸ்ட் 23ஆம் தேதி சந்திரயான்-3 நிலாவின் தென் துருவத்துக்கு அருகில் இறங்கியபோது நம் சங்கத்தில் எல்லோரும் கூடியிருந்து பார்த்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் அதைப் பற்றியே பேச்சு. கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் என்னைப் பார்த்து, "நிலாவுக்கு அனுப்பக் காசு இருக்கு. ஆஸ்பத்திரியில ஒரு கட்டில்ல ரெண்டு பேர் படுத்திருக்காங்க. இது என்ன நியாயம் மாமா?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த எஞ்சினீயர் தம்பி ஒருவர் விடவில்லை. "ராக்கெட்டை நிறுத்தினா நாளைக்கே கட்டில் வந்துடுமாம்மா?" என்றார். சண்டை முற்றிப் போனது.

இரண்டு பேரும் கேட்டது நல்ல கேள்விதான். ஆனால் இரண்டு பேருமே தொகையைச் சொல்லவில்லை. நான் பட்டம் வாங்கியவன் அல்லன். பள்ளி இறுதி வகுப்போடு ஊரை விட்டு, 1979ல் இந்த ஜம்ஷெட்பூருக்கு இரும்புச் சாமான் வியாபாரத்துக்கு வந்தவன். படித்ததெல்லாம் கடை சாத்திய பிறகு படித்ததுதான். ஆனால் பேரேட்டில் பற்று எது, வரவு எது என்று பார்க்கத் தெரியும். அந்தக் கண்ணோடுதான் இதைப் பார்க்கிறேன்.

இந்தக் கேள்வி நம் நாட்டில் பிறந்தது அல்ல. 1969 ஜூலை 15ஆம் தேதி, அப்பல்லோ-11 புறப்படுவதற்கு முதல் நாள், மார்ட்டின் லூதர் கிங்கின் தோழர் ரால்ஃப் அபெர்னதி ஏழைக் குடும்பங்களையும் கோவேறு கழுதை பூட்டிய வண்டிகளையும் கூட்டிக்கொண்டு கேப் கென்னடி ஏவுதளத்து வாசலுக்கே போய் நின்றார். நாசாவின் தலைவர் தாமஸ் பெய்ன் வெளியே வந்து அவரோடு பேசினார். மறு வருஷம் ஆப்பிரிக்காவில் சாம்பியா நாட்டில் தொண்டு செய்துகொண்டிருந்த மேரி ஜுகுண்டா என்ற கன்னியாஸ்திரீ, குழந்தைகள் பட்டினி கிடக்கும்போது செவ்வாய் கிரகத்துக்குப் போக யோசனை எதற்கு என்று நாசா விஞ்ஞானி எர்ன்ஸ்ட் ஸ்டூலிங்கருக்குக் கடிதம் எழுதினார். அவர் பொறுமையாக நீண்ட பதில் எழுதினார். முந்தைய காலத்தில் ஒரு ஜெர்மானியப் பிரபு, ஏழைகளுக்குக் கொடுத்தது போக, கண்ணாடிச் சில்லுகளைத் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவரையும் ஆதரித்ததாகவும், ஊரார் அதைத் திட்டியதாகவும், கடைசியில் அந்தக் கண்ணாடியிலிருந்து வந்த நுண்ணோக்கிதான் கொள்ளை நோய்களைத் தீர்க்க உதவியதாகவும் அதில் ஒரு கதை சொன்னார். நல்ல கதைதான். ஆனால் எனக்கு அது பாதி பதில் என்றுதான் படுகிறது. கண்ணாடி தேய்த்தவருக்கு அந்தப் பிரபு எத்தனை வராகன் கொடுத்தார், ஊரின் வைத்தியருக்கு எத்தனை கொடுத்தார் என்ற கணக்கு அதில் இல்லை.

அந்தக் கணக்கு நமக்குக் கிடைக்கிறது. அப்பல்லோ திட்டம் முழுவதற்கும் ஆன செலவு 2,540 கோடி டாலர் என்று 1973ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் கணக்குக் காட்டினார்கள். 1966ல் மட்டும் அந்த நாட்டு மத்திய அரசின் மொத்தச் செலவில் நூற்றுக்கு நாலு பங்குக்கு மேல் நாசாவுக்குப் போயிருக்கிறது. கிட்டத்தட்ட அதே பத்துப் பன்னிரண்டு வருஷத்தில், 1967 முதல் 1979 வரை, உலகம் முழுவதிலும் பெரியம்மையை, அதாவது நம் பெரியவர்கள் வைசூரி என்று சொல்வார்களே அதை, அடியோடு ஒழிக்க ஆன செலவு சுமார் 30 கோடி டாலர். அதிலும் மூன்றில் இரண்டு பங்கு நோயிருந்த ஏழை நாடுகளே தங்கள் கையிலிருந்து போட்டது. வெளியிலிருந்து வந்தது 10 கோடி டாலருக்குக் கொஞ்சம் குறைவு.

வகுத்துப் பாருங்கள். நிலாவின் செலவில் எண்பதில் ஒரு பங்குகூட வைசூரிக்கு ஆகவில்லை. அப்பல்லோ-11 என்ற ஒரு பயணத்துக்கு மட்டும் 35 கோடி டாலருக்கு மேல் ஆனது. ஒரு ராக்கெட் போய் வந்த காசில், மனித குலத்தை மூவாயிரம் வருஷமாக வாட்டிய நோய் ஒன்று போயே போய்விட்டது. 1967ல் மட்டும் ஒரு கோடி முதல் ஒன்றரைக் கோடிப் பேருக்கு அந்த நோய் வந்தது, இருபது லட்சம் பேர் வரை இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இன்றைக்கு ஒருத்தர்கூட இல்லை. தடுப்பூசி, துறைமுகச் சோதனை, வைத்தியம் என்று வருஷா வருஷம் ஆகிக்கொண்டிருந்த நூறு கோடி டாலருக்கு மேற்பட்ட செலவு நின்று போனது. அதாவது போட்ட முதல் நாலு மாதத்தில் திரும்பி வந்துவிட்டது. பிறகு நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் லாபம் மட்டும்தான். எந்த வியாபாரியும் இப்படி ஒரு வியாபாரம் பார்த்திருக்க மாட்டான்.

இவ்வளவு லாபமான காரியத்துக்குக் காசு எளிதாகக் கிடைத்தது என்று நினைக்காதீர்கள். 1966ல் உலக சுகாதாரப் பேரவையில் இதற்கு ஆண்டுக்கு 24 லட்சம் டாலர் ஒதுக்கும் தீர்மானம் வந்தபோது இரண்டே ஓட்டு வித்தியாசத்தில்தான் நிறைவேறியது. நிறுவனத்தின் தலைமை இயக்குநர் கண்டாவ் அவர்களுக்கே நம்பிக்கை இல்லை. மலேரியாவை ஒழிக்கிறோம் என்று 1955ல் கிளம்பி நடுவழியில் நின்ற அனுபவம் அவருக்கு. அந்த பயம் நியாயமானது. நம் நாட்டில் 1965ல் சுமார் ஒரு லட்சமாகக் குறைந்திருந்த மலேரியா நோயாளிகள், கை தளர்ந்ததும் 1976ல் 64 லட்சத்துக்கு மேல் போனார்கள். முக்கால் கிணறு தாண்டி விழுந்தவனுக்கும் கால் கிணறு தாண்டி விழுந்தவனுக்கும் வித்தியாசம் கிடையாது.

இங்கே நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். நம்மில் பலருக்கு இது தெரியாது. தெரிந்த தலைமுறை இப்போது போய்க்கொண்டிருக்கிறது.

1974 மே 18ஆம் தேதி ராஜஸ்தானில் பொக்ரானில் நம் நாடு முதல் அணுகுண்டுச் சோதனை நடத்தியது. ஊரெல்லாம் பெருமை. அதே மே மாதத்தில் நம் பீகாரில், அப்போது ஜார்க்கண்ட் ஏது, எல்லாம் ஒரே பீகார்தான், வைசூரி உச்சத்தில் நின்றது. அந்த வருஷம் இந்தியாவில் சுமார் 1,88,000 பேருக்கு வைசூரி கண்டது, 31,000 பேருக்கு மேல் மாண்டார்கள். உலகத்திலேயே அதிகம் இங்கேதான். குண்டு வெடித்த செய்தி எழுத வந்த வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினார்கள். தில்லிக்கு அது சுருக்கென்று தைத்தது.

நம் தமிழ்நாட்டில் அப்போது வைசூரி ஏறக்குறைய பழங்கதை. சென்னை தொற்றுநோய் மருத்துவமனையில் இருந்த டாக்டர் ஏ.ராமச்சந்திர ராவ் போன்றவர்கள் நோயாளி இருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, அவரைச் சுற்றி இருப்பவர்களுக்கு ஊசி போட்டு வளைத்து நிறுத்தும் முறை பலிக்கும் என்று காட்டியிருந்தார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் அம்மைப்பால் மருந்து செய்தார்கள். அந்த நிலையமே அதற்காக 1899ல் தொடங்கப்பட்டதுதான். ஊருக்கு ஊர் மாரியம்மன் கோவில் கட்டி வேப்பிலை கட்டின நம் மாநிலத்தில் போன நோய், சீதளா தேவியைக் கும்பிடும் பீகாரில் போகவில்லை. காரணம் தெய்வம் இல்லை. ஆள் போதாமை, ரோடு இல்லாமை, அந்த வருஷம் ரயில்வே வேலைநிறுத்தம், அரசியல் கொந்தளிப்பு எல்லாம் சேர்ந்தது.

டாடாநகர் ஸ்டேஷன் அந்தச் சமயத்தில் வைசூரியை ஏற்றுமதி செய்யும் சந்தையாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? நாலா பக்கத்திலிருந்தும் வேலை தேடி இங்கே வருவார்கள். இங்கே நோய் தொற்றும். அம்மை வார்த்ததும் சொந்த கிராமத்துக்கு ரயில் ஏறுவார்கள். இங்கிருந்து போன நோய் வேறு பல மாநிலங்களில் நூற்றுக்கணக்கான இடங்களில் புதிதாகக் கிளம்பியது. உலக சுகாதார நிறுவனத்தில் இருந்த லாரி பிரில்லியண்ட் என்ற இளம் அமெரிக்க டாக்டர் அதைத் தடம் பிடித்து இங்கே வந்து, டாடா கம்பெனியின் ரூசி மோடியைப் போய்ப் பார்த்தார். கம்பெனி தன் டாக்டர்களையும், ஜீப்புகளையும், ஆட்களையும் இறக்கியது. டிஸ்கோவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் சொல்லிக்கொண்டு இருப்பார்: "ஸ்டேஷன் வாசல்லயே ஊசியோட நிப்பான். கையைக் காட்டு, தழும்பு இருக்கா பாரு, இல்லேன்னா குத்து. ஒருத்தனையும் விட மாட்டான்." அந்தத் தழும்பு அவர் இடது புஜத்தில் கடைசி வரை இருந்தது. நம் வயசுக்காரர்கள் சட்டையைத் தூக்கிப் பார்த்தால் நமக்கும் இருக்கும்.

மருந்து குத்த ஆன கருவி என்ன தெரியுமா? இரண்டு முனை பிளந்த ஒரு ஊசி. அவ்வளவுதான். நுனியில் ஒரு சொட்டு நிற்கும், பதினைந்து தடவை குத்துவார்கள். பழைய முறையில் ஆகும் மருந்தில் கால் பங்கு போதும். ஆயிரம் ஊசி ஐந்து டாலர். கொதிக்க வைத்துத் திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம். அதைக் கண்டுபிடித்த வையத் என்ற அமெரிக்க மருந்துக் கம்பெனி உலக சுகாதார நிறுவனத்திடம் உரிமைத் தொகை வாங்கிக்கொள்ளவில்லை. கிராமத்துப் பையன் கால் மணி நேரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. உலர வைத்த பொடி மருந்து வந்துவிட்டதால் ஐஸ் பெட்டிக்கும் அவ்வளவு அவசியம் இல்லை.

அதே 1974ல் பீகாரில் நடந்த ஒரு கூட்டத்தைப் பற்றி வில்லியம் ஃபீகே என்ற அமெரிக்க டாக்டர் எழுதியிருக்கிறார். நோய் கட்டுக்கடங்காமல் போனதால், தேடிப் பிடிக்கும் முறையெல்லாம் வேண்டாம், பழையபடி எல்லோருக்கும் ஊசி போடுங்கள் என்று மாநில மந்திரி சொல்லிவிட்டார். அப்போது ஒரு இளம் இந்திய டாக்டர் எழுந்து நின்று, எங்கள் கிராமத்தில் ஒரு வீடு தீப்பிடித்தால் எல்லா வீட்டுக் கூரையிலும் தண்ணீர் ஊற்ற மாட்டோம், எரிகிற வீட்டில்தான் ஊற்றுவோம் என்கிற கருத்தில் பேசினாராம். மந்திரி இன்னும் ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார். அந்த ஒரு மாதத்தில் காற்று திசை மாறியது. அந்த டாக்டர் பெயரை எந்த நோட்டிலும் அச்சடிக்கவில்லை.

லட்சத்துக்கும் மேற்பட்ட சுகாதார ஊழியர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். அம்மை கண்டவரைக் காட்டிக்கொடுத்தால் முதலில் 50 ரூபாய், அப்புறம் 100, 1975ல் 1,000 ரூபாய் வரை பரிசு. அந்தக் காலத்து ஆயிரம் ரூபாய்! மத்திய சுகாதார மந்திரியாக இருந்த கரண் சிங், மகேந்திர தத்தா போன்ற நம் அதிகாரிகள், நிக்கோல் கிராசே என்ற அம்மையார் தலைமையில் வந்த வெளிநாட்டு டாக்டர்கள், ஸ்வீடன் கொடுத்த பணம், ரஷ்யா கொடுத்த மருந்து எல்லாம் ஒரே பக்கம் இழுத்தன.

எங்கள் சமயத்தாருக்கு இதில் சற்றுச் சங்கடமான ஒரு பங்கும் உண்டு. அதை மறைப்பது அழகல்ல. 1974 நவம்பரில் பகவான் மகாவீரர் நிர்வாணம் அடைந்து 2,500 வருஷம் நிறைந்த விழா. நிர்வாணத் தலமான பாவாபுரி இந்தப் பீகாரில் இருக்கிறது. நாடெங்கிலும் இருந்து யாத்திரிகர்கள் வருகிற நேரத்தில் அங்கே வைசூரி இருந்தது. தடுப்பு மருந்து கன்றுக்குட்டியின் தோலில் வளர்த்து எடுப்பது என்பதால் ஊசி போட்டுக்கொள்ளத் தயங்கியவர்கள் எங்களில் உண்டு. 1975 தொடக்கத்தில் அந்த இடத்தையே வளைத்துக் காவல் போட்டு, ஊசி இல்லாமல் போக வர விடாமல் செய்துதான் அடக்க வேண்டியிருந்தது. எங்கள் நூல்கள் நான்கு தானம் சொல்கின்றன. ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம். ஒரு கன்றுக்கு அபயம் கொடுக்கப் போய் ஒரு ஜில்லாவுக்கு ஔஷதத்தை மறுப்பதா என்று கேட்டால், என் சிறுமதிக்கு விடை தெளிவாகவே தெரிகிறது. ஆனால் தயங்கியவர்களை மூடர்கள் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

1975 மே 24ஆம் தேதி அஸ்ஸாமில் கரீம்கஞ்ச் ரயில் நிலையத்தில் சாய்பான் பீபி என்ற பிச்சைக்காரப் பெண்மணிக்கு அம்மை கண்டது. இந்தியாவில் கடைசி நோயாளி அவர்தான். பொக்ரான் குண்டு வெடித்து ஒரு வருஷமும் ஆறு நாளும் ஆகியிருந்தது. உலகத்தில் கடைசியாக 1977 அக்டோபரில் சோமாலியாவில் அலி மாவ் மாலின் என்ற ஆஸ்பத்திரிச் சமையற்காரருக்கு இயற்கையாக இந்த நோய் வந்தது. 1980 மே 8ஆம் தேதி நோய் ஒழிந்ததென்று உலகத்துக்கு அறிவித்தார்கள்.

இதுவரை படித்தவர்கள் நான் கௌரவச் செலவுக்கு எதிரி என்று நினைக்கலாம். அங்கேதான் கணக்கு கொஞ்சம் சிக்கலாகிறது. வைசூரியை ஒழிக்கலாம் என்று உலக சுகாதாரப் பேரவையில் சொன்னது யார்? 1958ல் சோவியத் ரஷ்யாவின் விக்தர் ஷ்தானவ். ஏன் சொன்னார்கள்? உலக சுகாதார நிறுவனத்தை விட்டுக் கோபித்துக்கொண்டு போயிருந்த ரஷ்யா அப்போதுதான் திரும்பி வந்திருந்தது. மலேரியா ஒழிப்பு அமெரிக்காவின் பெருமையாக இருந்தது. தங்களுக்கும் ஒன்று வேண்டாமா? அவர்கள் மொத்தம் 140 கோடித் தடவைக்கு மேல் போடக்கூடிய மருந்தை இலவசமாகக் கொடுத்தார்கள், பெரும்பங்கு நமக்குத்தான். 1965ல் அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் தங்கள் ஆதரவையும் அறிவித்தார். திட்டத்தை நடத்த அமெரிக்கரான டி.ஏ.ஹெண்டர்சன் ஜெனீவா போனார். நிலாவுக்கு முதலில் யார் போவது என்று அடித்துக்கொண்டிருந்த அதே இரண்டு பேர், இங்கே ஒரே மேசையில் உட்கார்ந்து மருந்து கணக்குப் பார்த்தார்கள். நிலாப் பயணமே விஞ்ஞான ஆசையால் வந்தது அல்ல. ககாரின் 1961 ஏப்ரலில் விண்வெளியைச் சுற்றியதும், நாம் ஜெயிக்கக்கூடிய பந்தயம் எது என்று கென்னடி தன் ஆட்களைக் கேட்டார். 1962ல் நாசா தலைவரிடம், எனக்கு விண்வெளியில் அவ்வளவு அக்கறை இல்லை என்கிற மாதிரி அவர் பேசியது ஒலிநாடாவில் இருக்கிறது. ஆகவே கௌரவம் என்ற குதிரை இரண்டு வண்டியையும் இழுத்திருக்கிறது. 1974ல் தில்லியைப் பீகார் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்ததிலும், பத்திரிகையில் வந்த அவமானத்துக்குப் பங்கு உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, இன்றைய நம் நாட்டுக் கணக்கு. அந்தக் கல்லூரிப் பெண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டுமே. சந்திரயான்-3க்கு ஆனது சுமார் 615 கோடி ரூபாய். தலைக்கு நாலரை ரூபாய்கூட இல்லை, ஒரு டீகூட வராது. 2013 நவம்பரில் கிளம்பிய மங்கள்யானுக்கு 450 கோடி. 2025-26 மத்திய பட்ஜெட்டில் விண்வெளித் துறை முழுவதற்கும் 13,416 கோடி. சுகாதார அமைச்சகத்துக்கு ஏறக்குறைய 99,859 கோடி. ராணுவத்துக்கு 6.81 லட்சம் கோடி. மாநிலங்கள் சுகாதாரத்துக்குச் செய்வது தனி.

2017ல் வந்த தேசிய சுகாதாரக் கொள்கை, மத்திய மாநில அரசுகள் சேர்ந்து நாட்டின் மொத்த உற்பத்தியில் இரண்டரை சதவீதத்தை 2025க்குள் சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும் என்றது. 2021-22ல், அதுவும் கொரோனா வருஷத்தில், எட்டியது 1.84 சதவீதம். அந்த வருஷத்து உற்பத்திக்கு அந்த இடைவெளி சுமார் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய். இஸ்ரோவை இழுத்து மூடி, விஞ்ஞானிகளை எல்லாம் வீட்டுக்கு அனுப்பி, அந்தப் பணத்தை அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தாலும் பள்ளத்தில் பத்தில் ஒரு பங்குகூட நிரம்பாது. எஞ்சினீயர் தம்பி சொன்னதில் அந்த அளவு உண்மை இருக்கிறது. மேலும் 1999ல் ஒடிசாவில் அடித்த பெரும்புயலில் சுமார் பத்தாயிரம் பேர் போனார்கள். 2013ல் அதே கரையில் ஃபைலின் புயல் வந்தபோது இறந்தவர்கள் சில பத்துப் பேர்தான். செயற்கைக்கோள் படமும், ஆட்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தியதும் சேர்ந்து செய்த வேலை அது. ராக்கெட்டும் ஒருவகையில் ஆஸ்பத்திரிச் செலவைக் குறைக்கிறது.

ஆனால் கௌரவச் செலவு எல்லாம் ராக்கெட் மாதிரி சிக்கனமாக இருப்பதில்லை. தில்லியில் 2010ல் நடந்த காமன்வெல்த் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தணிக்கைத் துறையின் அறிக்கைப்படி ஆன செலவு 18,500 கோடி ரூபாய்க்கு மேல். நாற்பது மங்கள்யான் அனுப்பலாம். பன்னிரண்டு நாள் விளையாட்டு. ராக்கெட்டைப் பார்த்து ஆஸ்பத்திரிக் கட்டில் எங்கே என்று கேட்பவர்கள், ஸ்டேடியத்தைப் பார்த்தும், கல்யாண வீடு மாதிரி ஜோடித்த சர்வதேச மாநாடுகளைப் பார்த்தும் அதே குரலில் கேட்டால் எனக்குச் சந்தோஷம். ராக்கெட் நெருப்பு கக்கிக்கொண்டு போவதால் எல்லோர் கண்ணிலும் படுகிறது. டெண்டர் காகிதம் யார் கண்ணிலும் படுவதில்லை.

கௌரவமும் மருந்தும் நேராக மோதிய சம்பவம் சமீபத்திலும் நடந்தது. 2021 ஜனவரியில் நாம் பல நாடுகளுக்குக் கொரோனா தடுப்பூசி அனுப்ப ஆரம்பித்தோம். நல்ல பெயர். ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை அடித்தபோது இங்கேயே ஊசிக்கு வரிசை நிற்க வேண்டிய நிலை, ஏற்றுமதி நின்றது. நம்மை நம்பியிருந்த ஏழை நாடுகள் மாதக்கணக்கில் காத்திருந்தன. முதலில் அனுப்பியது தப்பு என்று ஒரு கட்சி, நிறுத்தியது தப்பு என்று ஒரு கட்சி. என்னைக் கேட்டால், முன்கூட்டியே போதுமான சரக்குக்கு ஆர்டர் கொடுக்காததுதான் தப்பு. சீசன் வருவதற்கு முன் சரக்கு பிடிக்காத கடைக்காரன், சீசனில் உள்ளூர்க்காரனுக்குக் கொடுப்பதா வெளியூர்க்காரனுக்குக் கொடுப்பதா என்று தலையைச் சொறிவான்.

பணம் மட்டும் போதாது என்பதற்கு நம் சென்னையே சாட்சி. 1956ல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாலும் கூட்டு. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் முன்னின்றார். அப்போதெல்லாம் காசநோய் என்றால் சானடோரியம்தான். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஒரு வருஷம் படுக்கை. சென்னையின் ஏழைக் குடித்தனங்களிலிருந்து 193 நோயாளிகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பேரைச் சானடோரியத்துக்கும் பாதிப் பேரை வீட்டுக்கும் அனுப்பி, இருவருக்கும் ஒரே மாத்திரைகளை ஒரு வருஷம் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு அரைவயிற்றுச் சாப்பாடு, நெரிசலான அறை. ஆனால் 1959ல் முடிவைப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே குணம். வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதிகமாகத் தொற்றவில்லை. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்தச் சென்னைச் சோதனைக்குப் பெரும் பங்கு உண்டு. பளிங்குக் கட்டடம் கட்டித் திறப்பு விழா நடத்துவதற்குப் பதிலாக, கட்டடமே வேண்டாம் என்று நிரூபித்த செலவு அது. அப்படிப்பட்ட செலவுக்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை.

அந்த மருந்து முறையைக் கொடுத்த நாட்டிலேயே 2023ல் சுமார் 28 லட்சம் பேருக்குப் புதிதாகக் காசநோய், மூன்று லட்சத்துக்கு மேல் சாவு. உலகக் காசநோயாளிகளில் நாலில் ஒருவர் நம்மவர். 2025க்குள் ஒழிப்போம் என்று சொன்ன இலக்கு தவறிவிட்டது. குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. நோயாளிக்குச் சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தார்கள், 2024 நவம்பரில் அதை 1,000 ஆக்கினார்கள். இது நான் மெச்சுகிற செலவு. சென்னைச் சோதனையில் அரைவயிற்றோடு மாத்திரை விழுங்கியவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

உலகக் கணக்கைப் பார்த்தால் இன்னும் வருத்தம். உலக சுகாதார நிறுவனத்துக்கு 2026, 2027 இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து 420 கோடி டாலர் என்று 2025 மே மாதத்தில் தீர்மானித்தார்கள். முந்தைய இரண்டு வருஷத்துக்கு 680 கோடி போட்டிருந்தார்கள். அமெரிக்கா வெளியேறுகிறேன் என்று 2025 ஜனவரியில் அறிவித்ததும், அதன் வெளிநாட்டு உதவித் துறை கலைக்கப்பட்டதும் முக்கியக் காரணம். 2024ல் உலக நாடுகள் ராணுவத்துக்குச் செய்த செலவு சுமார் 2,71,800 கோடி டாலர். மணிக்கு 31 கோடி வருகிறது. உலகத்தின் சுகாதார நிறுவனத்துக்கு ஒரு வருஷத்துக்கு ஒதுக்கிய பணம், ராணுவங்களுக்கு ஏழு மணி நேரச் செலவு. காலையில் கடை திறந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு மூடுவதற்குள் தீர்ந்துவிடும். வைசூரி ஒழிப்புக்கு ஆன 30 கோடியை இன்றைய விலைவாசிக்கு ஏழெட்டு மடங்காக்கிக்கொண்டாலும் எட்டு மணி நேரத்துக்கு மேல் போகாது.

வைசூரி ஒழிந்துவிட்டது என்றேன். முழுக்க ஒழியவில்லை. அந்தக் கிருமியை இரண்டே இரண்டு இடத்தில் பூட்டிக் காவல் வைத்திருக்கிறார்கள். ஒன்று அமெரிக்காவில் அட்லாண்டாவில், இன்னொன்று ரஷ்யாவில் சைபீரியாவில் கோல்த்சோவோ என்ற ஊரில். அழித்துவிடலாம் என்ற பேச்சு 1990களிலிருந்து உலக சுகாதாரப் பேரவையில் வருவதும், ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று ஒத்தி வைப்பதுமாக இருக்கிறது. நீ முதலில் அழி, நான் அப்புறம் அழிக்கிறேன் என்று இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.